மகா பீட்டரும் அவன் நீர்மேல் நிறுத்திய நகரமும்

ருஷிய தேசத்தின் வடமேற்குக் கோடியிலே, நெவா என்னும் நதி பல கிளைகளாகப் பிரிந்து பின்லாந்து வளைகுடாவிற் சென்று கலக்குமிடத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்னும் மாநகரம் அமைந்துள்ளது. ஜூன் மாதத்தில் அந்நகர்க்குச் செல்வோர், நள்ளிரவிலும் முற்றும் இருளாத வானத்தின்கீழ், கருங்கற் கரைகளினிடையே ஓடும் கால்வாய்களையும், அவற்றின் இருமருங்கும் மஞ்சளும் பச்சையுமாய் வண்ணந் தீட்டப்பெற்று நிற்கும் மாளிகைகளையும், நெவாவின் பெரும் பாலங்கள் கப்பல்களுக்கு வழிவிடும்பொருட்டு நடுவே பிளந்து மேலெழும் காட்சியையும் கண்டு வியந்து நிற்பர். அதனை ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய நகரம் என்றே எவரும் எண்ணக்கூடும். ஆயின் 1703ஆம் ஆண்டிற்கு முன்னர் அங்கிருந்தவை சதுப்பு நிலமும், நாணற்காடும், சில மீனவர் குடியிருப்புகளும், ஆற்றில் சற்று மேலே ஸ்வீடன் நாட்டார் கட்டிய கோட்டையொன்றும் அதனைச் சார்ந்த சிற்றூருமேயாம். ஒரு மனிதனுடைய பிடிவாதம் அச்சேற்றைத் தலைநகராக்கிற்று. மகா பீட்டர் எனச் சரித்திரம் வழங்கும் அம்மனிதனுடைய வாழ்க்கையை ஈண்டு சுருக்கிக் கூறப் புகுகின்றோம். அவன் வாழ்க்கையையும் அந்நகரத்தையும் வேறுபிரித்துக் கூறுதல் இயலாதாகலின், இரண்டையும் ஒன்றாகவே கூறுவோம்.

பீட்டர் 1672ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் நாள் மாஸ்கோவிலே பிறந்தான். (அக்காலத்து ருஷியர் வேறு பஞ்சாங்கத்தைக் கையாண்டனர், நாம் இன்றைய கணக்கின்படியே நாட்களைக் குறிக்கின்றோம்.) தந்தை அலெக்ஸி மன்னர்; தாய் அவருடைய இரண்டாம் மனைவியாகிய நத்தாலியா. குழந்தைக்கு நான்கு வயது நிரம்புமுன் தந்தை இறந்தார். பின் முடிசூடிய மூத்த தாய் மகன் பியோதரும் 1682இல் இறக்கவே, இரு மனைவியரின் சுற்றத்தாருக்குமிடையே அரசுரிமைப் பூசல் மூண்டது. ஸ்ட்ரெல்ட்ஸி எனப்படும் அரண்மனைக் காவற்படையினர் கிரெம்ளினுட் புகுந்து, பீட்டருடைய தாயின் பக்கத்தவர் பலரைக் கொன்றனர். குடும்பத்தின் பேராதரவாக விளங்கிய முதிய மந்திரி மத்வேயெவ் என்பவர் பத்து வயதுச் சிறுவனாகிய பீட்டரின் கண்ணெதிரே ஈட்டிகளின்மேல் எறியப்பட்டு மாண்டார். அன்று கண்டதை அச்சிறுவன் எஞ்ஞான்றும் மறந்திலன். கிரெம்ளினின் இருண்ட மண்டபங்களின்பாலும் மாஸ்கோவின்பாலும் அவனுக்கு உண்டான வெறுப்பிற்கு வித்து இதுவே என்பது நம் கருத்து.

பீட்டரும், நோயாளனாகிய அவன் தமையன் ஐவனும் கூட்டரசராக முடிசூட்டப்பெற்றனர். ஆட்சியோ மூத்த தாய் மகளாகிய சோபியாவின் கையில் இருந்தது. தாயும் மகனும் நகர்ப்புறத்து ஊராகிய பிரியோபிரஷென்ஸ்கோயேயில் ஒதுங்கி வாழ்ந்தனர். ஒழுங்கான கல்வி அவனுக்குக் கிட்டவில்லை. ஆசிரியர் கற்பியாததைத் தச்சரிடமும், கொல்லரிடமும், மாஸ்கோவில் தனிச்சேரியாகக் குடியிருந்த ஒல்லாந்தர், ஜெர்மானியர் முதலிய அயல்நாட்டாரிடமும் கற்றான். ஊர்ப் பையன்களைக் கூட்டிப் போர் விளையாட்டு ஆடினான். அவ்விளையாட்டுப் படைகளே பிற்காலத்தில் ருஷியாவின் தலைசிறந்த இரு காவற்படைகளாயின.

1688ஆம் ஆண்டில் இஸ்மாயிலோவோ என்னுமிடத்துப் பழஞ்சரக்குக் கொட்டில் ஒன்றில், உளுத்துக் கிடந்த அயல்நாட்டுப் படகொன்றை அவன் கண்டான். ருஷிய ஓடங்களினும் அதன் வடிவம் வேறாயிருந்தது. உடனிருந்த திம்மர்மன் என்னும் ஒல்லாந்தர், அப்படகு பாய் விரித்துக் காற்றை எதிர்த்தும் செல்லவல்லது என்றார். காற்றை எதிர்த்துச் செல்லும் படகு! பதினாறு வயதினனுக்கு அது மாயவித்தையாகவே தோன்றிற்று. பிராண்ட் என்னும் முதிய ஒல்லாந்தத் தச்சர் அதனைப் பழுதுபார்த்து யாவ்ஸா ஆற்றில் விட்டார். ஆறு குறுகியதாகையால் படகு கரையில் மோதிற்று. எனவே பெரிய ஏரியொன்றைத் தேடிச் சென்றனர். 1693இல் ஆர்க்கேஞ்சல் துறைமுகத்தில் பீட்டர் முதன்முதலாகக் கடலைக் கண்டான். அப்பரந்த தேசத்திற்கு அக்காலத்திலிருந்த கடற்றுறை அஃதொன்றே. அதுவும் ஆண்டிற் பாதி பனிக்கட்டியால் அடைபட்டுக் கிடக்கும். கருங்கடல் துருக்கியர் வசமும், பால்டிக் கடல் ஸ்வீடன் வசமும் இருந்தன. ஆகவே, கடலாசை கொண்ட அவ்விளைஞன் கடற்கரையில்லாத தேசத்திற்கு அரசனாயிருந்தான். 1689இலேயே சோபியா ஆட்சியினின்று நீக்கப்பெற்றுக் கன்னிமாடம் புகுந்திருந்தாள். 1696இல் ஐவனும் இறக்கவே, பீட்டர் தனியரசனானான். அவ்வாண்டே புதிதாய்க் கட்டிய கப்பற்படையைக் கொண்டு அஸாவ் கோட்டையைத் துருக்கியரிடமிருந்து கைப்பற்றினான்.

அடுத்த ஆண்டு அவன் செய்தது முன்பு எந்த ருஷிய மன்னனும் கனவிலும் கருதாதது. சுமார் 250 பேரடங்கிய தூதுக்குழுவொன்றை மேலை நாடுகளுக்கு அனுப்பி, அக்குழுவில் தானும் பீட்டர் மிஹாயிலோவ் என்னும் சாதாரணன் பெயரோடு ஒருவனாய்ச் சென்றான். ஆறரை அடிக்கும் மேற்பட்ட உயரமுடைய ஒருவன் மாறுவேடம் பூணுதல் எங்ஙனம்? ஒல்லாந்து தேசத்து ஸான்டாம் என்னும் ஊரில் கொல்லன் வீட்டில் தங்கிக் கப்பல் வேலைக்குப் போனான். ஒரு வாரத்திற்குள் கூட்டம் பெருகவே ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடினான். அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற்பட்டறையில் நான்கு மாதத்திற்கும் மேலாகக் கோடரி பிடித்து உழைத்து, தேர்ந்த தச்சனென நற்சான்றும் பெற்றான். கப்பலை வரைபடத்தில் அமைத்துக் கணக்கிடும் முறையை ஒல்லாந்தர் அறியாரென்பது கண்டு, அதனைக் கற்க 1698ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்து சென்று டெட்போர்டில் தங்கினான். அங்கு அவனுக்கு வாடகைக்கு விடப்பட்ட மாளிகை ஜான் எவலின் என்னும் அறிஞருடையது. ருஷிய விருந்தினர் சென்றபின் அவ்வீடும் தோட்டமும் கிடந்த அலங்கோலத்தை, புகழ்பெற்ற சிற்பாசாரியாகிய கிறிஸ்டபர் ரென் வந்து மதிப்பிட, சேதம் சுமார் 350 பவுன் எனத் தேறிற்று. மேனாட்டுத் தொழிலறிவைக் கற்றவன் மேனாட்டு ஒழுங்கைக் கற்றிலன் போலும்.

காவற்படையினர் மீண்டும் கலகம் விளைத்தனர் என்ற செய்தி கேட்டு அவன் நாடு திரும்பினான். கலகம் அதற்குள் அடங்கிவிட்டது. அவனது பழைய பகையோ அடங்கவில்லை. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாஸ்கோவிற் கொல்லப்பட்டனர். அரசனே கோடரியேந்தித் தலைகளை வெட்டினான் என்று அயல்நாட்டார் எழுதிவைத்துள்ளனர். அதே மாதங்களில் பிரபுக்களின் தாடியையும் நீண்ட அங்கிகளையும் வெட்டுவித்தான். தாடி வைத்திருப்போர்க்கு வரி விதித்தான். 1700 முதல் கிறிஸ்து சகாப்தத்தால் ஆண்டைக் கணக்கிடச் செய்தான். செய்தித்தாள், எழுத்துச் சீர்திருத்தம், பள்ளிகள் என அவன் செய்தவற்றையெல்லாம் விரிப்பிற் பெருகும். சரித்திரம் பயில்வோர் பாடநூல்களிற் காண்க.

1700இல் ஸ்வீடனோடு போர் தொடங்கிற்று. நார்வா என்னுமிடத்தில், பதினெட்டு வயதே நிரம்பிய பன்னிரண்டாம் சார்லஸ் மன்னன், தன் படையினும் பன்மடங்கு பெரிய ருஷியப் படையைச் சிதறடித்தான். பீரங்கிகள் போயின. பீட்டர் கோயில் மணிகளை இறக்கி உருக்கிப் புதிய பீரங்கி வார்ப்பித்தான். சார்லஸ் போலந்து நாட்டுப் போரில் ஈடுபட்டிருக்க, ருஷியப் படை லடோகா ஏரியிலிருந்து நெவா வழியே கீழிறங்கி, 1703ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆற்றுமுகத்துக் கோட்டையைப் பிடித்தது. அதே மாதம் 27ஆம் நாள், முயல் தீவு எனப்படும் சிறு தீவில் புதிய கோட்டைக்கு அடிகோலினர். அன்று அரசன் மண்ணை வெட்டினான் என்றும், தலைக்குமேல் கழுகொன்று வட்டமிட்டது என்றும் கதையுண்டு. அவன் அன்று அங்கிருந்தானா என்பதையே ஐயுறும் சரித்திராசிரியரும் உளர். கழுகைப்பற்றி யாம் ஒன்றும் சொல்லோம். நகர்க்கு இடப்பட்ட பெயர் அரசனுடையதன்று, அப்போஸ்தலராகிய பரிசுத்த பேதுருவினுடையது என்பதை மட்டும் குறிப்பிடுவோம்.

கோட்டைக்கு அணித்தே மூன்று நாட்களில் போர்வீரர் கட்டிக்கொடுத்த மரவீட்டில் பீட்டர் தங்கினான். அவ்வீடு இன்றும் உளது. பைன் மரக்கட்டைகளாலாகிய சுவர்கள், செங்கற் சுவர்போலத் தோன்றுமாறு வண்ணந் தீட்டப்பெற்றவை. அறைகள் சிறியன, அடுப்பு இல்லை, வாயிலோ அவ்வுயரமுடையான் குனிந்தன்றி நுழையலாகாதது. பிற்காலத்தவர் அதனைக் காக்கும்பொருட்டுச் சுற்றிலும் செங்கல்லால் மற்றொரு வீடு எழுப்பியுள்ளனர். காண்போர் வீட்டுக்குள்ளே வீட்டைக் காண்பர். பேரரசர்களின் பொன் மண்டபங்களைக் காணுமுன் இக்குடிலைக் காண்பதே முறையென்போம். ஆடம்பரத்தை வெறுத்தவனும், தன் பற்றுக்கோள் ஒன்றிற்காக எதனையும் யாரையும் செலவிடத் துணிந்தவனுமாகிய மனிதனை அது எளிதிற் காட்டிவிடும்.

இனி அச்செலவைப்பற்றிச் சொல்லவேண்டும். சதுப்பில் நகரெழுப்ப ஆட்கள் வேண்டும். ஆண்டொன்றுக்கு 40,000 பேரை மாகாணங்கள் முறைவைத்து அனுப்பவேண்டுமென ஆணை பிறந்தது. அத்தனை பேரும் எக்காலத்தும் வந்து சேரவில்லை. குடியானவர் நூற்றுக்கணக்கான காதம் நடந்து வந்தனர். ஸ்வீடன் நாட்டுப் போர்க்கைதிகளும் வேலை செய்தனர். கருவிகள் போதாமையால் மண்ணைச் சட்டை முன்றானையிற் சுமந்தனர் என அக்காலத்தார் எழுதினர். ஈரமும், குளிரும், பசியும், காய்ச்சலும் அவர்களை வாரிக்கொண்டன. மாண்டவர் இலக்கம் பேர் எனப் பழைய நூல்கள் கூறும். இக்காலத்து ஆராய்ச்சியாளர் அத்தொகை மிகையென்பர். எத்தனை ஆயிரமாயினும் அவர்கள் பெயர் எவ்வேட்டிலுமில்லை.

செல்வர்க்கும் நிம்மதியில்லை. பிரபுக்கள் தத்தம் செலவிலே அங்கு வீடுகட்டிக் குடியேறுமாறு கட்டளையிடப்பெற்றனர். 1714இல், பீட்டர்ஸ்பர்க் தவிர ருஷியாவெங்கும் கல்லாற் கட்டிடம் எழுப்புதல் தடுக்கப்பட்டது. கொத்தர் வேறிடத்தில் வேலையின்றி இந்நகர்க்கே வந்தனர். நகர்க்குள் வரும் ஒவ்வொரு படகும் வண்டியும் வரியாகக் கற்கள் கொணரவேண்டும். ஸ்விட்ஸர்லாந்திலிருந்து வந்த திரெஸினி என்னும் சிற்பாசாரி, குடிகளின் தரத்திற்கேற்ப வீட்டுப் படிவங்கள் வரைந்து கொடுத்தார். கோட்டைக்குள் பரிசுத்த பேதுரு பவுல் பேராலயமும், பூங்காவோரத்துக் கோடை மாளிகையும் அவர் கைவண்ணமே.

பீட்டரின் உள்ளங்கவர்ந்த நகரம் ஆம்ஸ்டர்டாம். அதுபோலத் தன் நகரிலும் தெருக்கள் யாவும் நீர்த்தெருக்களாதல் வேண்டுமென அவாவினான். 1716இல் பிரெஞ்சு நாட்டுச் சிற்பாசாரி லெப்ளான் வரவழைக்கப்பட்டு, வசீலியெவ்ஸ்கித் தீவை நடுவாகக்கொண்டு கால்வாய் வலைபின்னிய திட்டமொன்று வகுத்தார். அத்திட்டம் முழுமையும் நிறைவேறவில்லை. மூன்றாண்டில் அவரும் இறந்தார். இன்றும் அத்தீவின் நேர் தெருக்களுக்குப் பெயரில்லை. கோடுகள் என்றே எண்ணிட்டு வழங்குகின்றனர். தெருவின் ஒரு பக்கம் ஒரு கோடு, எதிர்ப்பக்கம் மற்றொரு கோடு. நடுவே கால்வாய் ஓடியிருப்பின் இருபுறமும் இரு கரைகளாயிருக்கும். கால்வாய் வாராமற் போயிற்று, கணக்கு மட்டும் நின்றது. இந்நாளிற் பயணிகள் படகேறிச் செல்லும் கால்வாய்களுட் சில பீட்டர் காலத்தன. பல பின்வந்தோர் வெட்டியவை. கருங்கற் கரைகள் இரண்டாம் கதரின் பேரரசியின் காலத்தவை. குளிர்கால அரண்மனையோ ராஸ்த்ரெல்லி என்னும் இத்தாலியர் 1754 முதல் 1762 வரை கட்டியது.

நெவாவின்மீது நிலையான பாலம் கட்டுதலை பீட்டர் விரும்பினானல்லன். குடிகள் படகோட்டப் பழகவேண்டும். துடுப்பாலன்றிப் பாயால் ஓட்டவேண்டும் என்பது அவன் எண்ணம். குடிகளுக்குப் படகுகள் வழங்கப்பட்டன, குறித்த நாட்களில் அவர்கள் ஆற்றில் திரண்டு பயிற்சி செய்யவேண்டும், வாராதார்க்கு அபராதம். தரைவாழ் மக்களாகிய மாஸ்கோப் பிரபுக்கள் அலைமேல் நடுங்கியதை எண்ணின் நகையும் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன. நெவாவில் முதல் நிலைப்பாலம் 1850இலேதான் அமைந்தது. ஆறும் அரசனுக்கு அடங்கியதன்று. மேல்காற்று வளைகுடாவினின்று நீரைத் தள்ளும்போதெல்லாம் நகரம் மூழ்கிற்று. 1706இல் அரசனுடைய அறைகளிலேயே வெள்ளம் புகுந்தது. மக்கள் கூரைகளின்மேலும் மரங்களின்மேலும் ஏறியிருந்த காட்சியை அவன் வேடிக்கையாகவே கண்டான் என்பர்.

1709ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் பொல்தாவாவில் சார்லஸ் மன்னனை முறியடித்தபின் நகருக்கு ஆபத்து நீங்கிற்று. 1712இல் அது தலைநகராயிற்று. ருஷியாவின் முதற் பொருட்காட்சிசாலையும் அங்கே தோன்றிற்று. அதனைக் காண வருவோரிடம் கட்டணம் வாங்காது, அரசன் செலவில் சிற்றுண்டி வழங்கினர். பீட்டர் தானே பிடுங்கிய பற்கள் சில இன்றும் அங்குள்ளன. பல்வலியுடையோர் அவன் கண்ணிற் படாமல் ஒளிந்தனராம்.

அவ்வெற்றிகளுக்கிடையே அவன் இல்லத்தில் நிகழ்ந்ததை ஒளித்தல் நேர்மையன்று. முதல் மனைவி யூதோக்கியாவை அவன் 1698இல் கன்னிமாடத்திற்கு அனுப்பிவிட்டான். அவள் பெற்ற மகன் அலெக்ஸி 1690இல் பிறந்தவன். எட்டு வயதில் தாயை இழந்தவன்போலானான். அவனுக்குக் குருமாரின் நட்பும், நூல்களும், மாஸ்கோவின் பழைய வாழ்வும் உவப்பாயின. போரும் கப்பலும் அச்சந் தந்தன. கோட்டை வரைபடம் வரைந்து காட்டுமாறு தந்தை பணிப்பான் என அஞ்சித் தன் வலக்கையைத் தானே சுட்டுக்கொள்ள முயன்றான் என்பர். தந்தையின் புதுநகரம் பாழாய்ப்போமென நம்பிய பழமைப்பற்றாளர் அனைவரும் மகனையே தம் நம்பிக்கையாகக் கொண்டனர். தனக்குப்பின் தன் பணி முழுதும் அழியுமென்னும் அச்சம் தந்தையைப் பற்றிற்று. ஒன்று திருந்துக, அன்றேல் துறவியாகுக என்று கட்டளையிட்டான். மகன் 1716இல் நாட்டைவிட்டோடி வியன்னாவில் பேரரசரிடம் அடைக்கலம் புகுந்து, பின் நேப்பிள்ஸ் நகரத்துக் கோட்டையில் ஒளிந்திருந்தான். தோல்ஸ்தோய் என்னும் தூதர் அவனைத் தேடிச்சென்று, தந்தை மன்னிப்பார் என்று வாக்களித்து அழைத்துவந்தார்.

அவ்வாக்கு காக்கப்படவில்லை. விசாரணை பெருகிற்று, நண்பர்கள் சித்திரவதையில் மாண்டனர். அரசன் மேற்றிராணியாரிடம் கருத்துக் கேட்டான். அவர்கள் தண்டனைக்கு ஏற்ற வேதவாக்கியங்களையும், மன்னிப்பிற்கு ஏற்றவற்றையும் எடுத்துக்காட்டி, கெட்டகுமாரன் உவமையையும் நினைப்பூட்டி, முடிவை அரசனிடமே விட்டனர். அஞ்சிய மாந்தர் இயன்றவரை இரக்கத்தை வேண்டிய விண்ணப்பமாகவே அதனை யாம் கொள்கின்றோம். பீட்டர் அந்த உவமையின் தந்தையாக விரும்பினானல்லன். பேதுரு பவுல் கோட்டையில் அலெக்ஸி கசையடியால் வதைக்கப்பட்டான். 127 பேர் கையொப்பமிட்டு மரணதண்டனை விதித்தனர். தீர்ப்பு நிறைவேறுமுன்னரே, 1718ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் அவன் அக்கோட்டையில் இறந்தான். மறுநாள் பொல்தாவா வெற்றித் திருநாள். வழக்கம்போல விருந்து நடந்தது. நல்லடக்கத்தின்போது அரசன் கண்ணீர் விட்டான் எனச் சிலர் எழுதியுள்ளனர். இருக்கலாம். ஆயினும் பீட்டரின் பெருமையைப் பேசுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துபோதலை யாம் ஒப்புகிலேம். குடியானவர் உயிரைச் செலவிட்டவன் தன் மகனையும் அதே கணக்கில் எழுதினான். இருவகைச் செலவும் ஒரே நகரின் பொருட்டேயாம்.

இரண்டாம் மனைவியாகிய கதரின் ஏழைக்குடியிற் பிறந்து, போரிற் சிறைப்பட்டு வந்து, அரசியானவள். அவள் பெற்ற பல மக்களுள் இரு பெண்களே குழந்தைப்பருவம் கடந்து வளர்ந்தனர். அவன் நம்பியிருந்த சிறுமகன் பீட்டர் 1719இல் நான்கு வயதுக்குள் இறந்தான். 1721இல் ஸ்வீடனோடு சமாதானம் முடிந்து, பால்டிக் கரை ருஷியாவுக்கு உரிமையாயிற்று. பீட்டர் சக்கரவர்த்திப் பட்டம் பெற்றான். 1722இல், அரசன் தான் விரும்பியவரைப் பின்னுரிமையாளராக நியமிக்கலாமெனச் சட்டம் செய்தான். அடுத்த ஆண்டு, இஸ்மாயிலோவோவிற் கண்ட பழம்படகைத் தலைநகர்க்கு வருவித்து, புதிய போர்க்கப்பல்கள் அணிவகுத்து நின்று பீரங்கி முழக்கி வணங்குமாறு செய்தான். ருஷியக் கப்பற்படையின் பாட்டனார் என்று அப்படகுக்குப் பெயர். 1724இல் விஞ்ஞானக் கழகம் நிறுவ ஆணையிட்டான். அது திறக்கப்பட்டதைக் காண அவன் இருந்திலன்.

சிறுநீர்த்தாரை நோயால் பலநாள் துன்புற்று, 1725ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில் அவன் இறந்தான். பின்னுரிமையாளரைத் தானே குறிக்கலாமெனச் சட்டம் செய்தவன் எவரையும் குறிக்காமலே இறந்தான். பேராலயம் அப்போது கூரையற்று நின்றது. ஆகவே அதன் சுவர்களுக்குள்ளே மரத்தாற் சிறு கோயில் அமைத்து, அவன் பேழையை அங்கு வைத்தனர். ஆறு ஆண்டுகள் அது மண்ணுட் புகாமற் காத்திருந்தது. அதற்குள் நகரமும் தன் உயிரை இழக்கவிருந்தது. 1728இல் அரசனாயிருந்த இரண்டாம் பீட்டர், அலெக்ஸியின் மகன், அரசவையை மாஸ்கோவுக்குப் பெயர்த்துச் சென்றான். பிரபுக்கள் மகிழ்ச்சியோடு பின்தொடர்ந்தனர். புதிய தெருக்கள் வெறிச்சோடின. ஆயின் அவ்விளைஞன் 1730இல் அம்மை நோயால் இறந்தான். பின்வந்த அன்னா பேரரசி 1732இல் அரசவையை மீட்டும் நெவாக்கரைக்குக் கொணர்ந்தாள். அந்நகரம் 1914இல் பெத்ரோகிராட் எனவும், 1924இல் லெனின்கிராட் எனவும் பெயர் மாறி, 1941 முதல் 1944 வரை 872 நாள் முற்றுகையிற் பசியால் இலக்கக்கணக்கான உயிர்களை இழந்து, 1991இல் தன் முதற்பெயரை மீண்டும் பெற்றது.

பேராலயம் 1733இல் முற்றுப்பெற்றது. பொன்முலாம் பூசிய அதன் ஊசிக்கோபுரம் 122 மீட்டருக்குமேல் உயர்ந்து, ஆற்றிலும் கால்வாய்களிலும் படகிற் செல்வோர்க்கெல்லாம் முதற்கண் தோன்றுகின்றது. உள்ளே, பலிபீடத் திரையை அடுத்து, தென்புற வாயிலருகே மகா பீட்டரின் கல்லறை உளது. அதன்மேல் மலர்கள் வைக்கப்படுவதுண்டு. அலெக்ஸியின் கல்லறை அங்கில்லை. அதே பேராலயத்தின் மறுகோடியில், மணிக்கூண்டுக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் அவனை அடக்கஞ்செய்துள்ளனர்; கோபுரத்தின் மேனின்று நகரத்தைக் காண ஏறுவோர் அப்படிகளின் வழியே மேலே செல்கின்றனர்.